நாக் அவுட் சுண்டெலிகளில் குட்டிகள் தங்குவதில்லை: தாயின் குறையா, வேறு குறையா?

புதுப்பொறுப்பு (கேள்வி):

வணக்கம். எங்கள் ஆய்வுக்குழுவின் நாக் அவுட் (ஒரு மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட) சுண்டெலி வகையைப் பேணும் வேலை ஐந்து மாதங்களுக்கு முன் என் கைக்கு வந்தது. அதுவரை கவனித்துவந்த மாணவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அவர் விட்டுச்சென்றவை ஒரு நோட்டுப் புத்தகமும் கூண்டுகளில் செருகியிருக்கும் அட்டைகளும்தான். எலிகளின் மரபணுப் பின்னணி சி57 பிளாக் 6 என்ற ஆய்வக வகை. ஹெட்டிரோசைகஸ் (அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று மட்டும் செயலிழந்த) ஆணையும் ஹெட்டிரோசைகஸ் பெண்களையும் இணைசேர்க்கிறோம். ஒரு கூண்டில் ஓர் ஆண், இரண்டு பெண்கள். ஆண்கள் சோம்பிவிடக் கூடாது என்பதற்காக வாரம் ஒருமுறை பக்கத்துக் கூண்டு ஆணோடு இடம் மாற்றும் பழக்கமும் முதலிலிருந்தே இருக்கிறது.

நோட்டுப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தேன். பதினான்கு மாதங்களில் 22 ஈற்றுகள், பிறந்த குட்டிகள் 128. இருபத்தோராம் நாள் பால் மறக்கடித்துப் பிரித்தபோது எஞ்சியவை 80. மீதி 48 குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் காணாமல் போயிருக்கின்றன. பாதி தின்னப்பட்ட உடலை நானே நான்கு முறை கண்டேன். அடுத்த கட்ட ஆய்வுக்கு ஒரே வயதையொட்டிய ஹோமோசைகஸ் (இரு பிரதிகளும் செயலிழந்த) விலங்குகள் 24 வேண்டும்; ஆணும் பெண்ணும் சரிபாதி.

குட்டிகளைத் தின்னும் தாய்களைக் கழித்துவிடுவதுதான் சரியா? 24 விலங்குகள் கிடைக்க எத்தனை பெண்களை இணைசேர்க்க வேண்டும்? ஒப்பீட்டுக்கான இயல்வகை (இரு பிரதிகளும் இயல்பாக உள்ள) எலிகளை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால் கூண்டுகளைக் குறைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். அது சரிவருமா என்றும் அறிய விரும்புகிறேன்.

விகிதக்கணக்கு:

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உயிர் பிழைத்த 80 குட்டிகளுக்கும் பிசிஆர் (மரபணு வகை காணும் டிஎன்ஏ சோதனை) செய்திருப்பீர்கள் அல்லவா? அவற்றுள் இயல்வகை எத்தனை, ஹெட்டிரோ எத்தனை, ஹோமோ எத்தனை? தாய்களின் மேல் பழி போடுவதற்கு முன் அந்த மூன்று எண்களைப் பார்த்தாக வேண்டும்.

புதுப்பொறுப்பு:

இயல்வகை 27, ஹெட்டிரோ 44, ஹோமோ 9. ஹோமோ குறைவு என்பது தெரிந்ததுதான். குட்டிகள் மொத்தமாகவே குறைவாக இருப்பதால் அப்படி அமைந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன்.

விகிதக்கணக்கு:

அப்படி அமையவில்லை. இரண்டு ஹெட்டிரோக்களுக்குப் பிறப்பவை இயல்வகை ஒன்று, ஹெட்டிரோ இரண்டு, ஹோமோ ஒன்று என்ற விகிதத்தில் அமைய வேண்டும். ஆகவே 80 குட்டிகளில் கால்பங்கு, அதாவது 20, ஹோமோவாக இருந்திருக்க வேண்டும். தற்செயலால் 16 ஆகலாம், 24 ஆகலாம். 9 வரை இறங்குவது ஆயிரத்தில் இரண்டு மூன்று முறை நேரக்கூடியது. இயல்வகைக்கும் ஹெட்டிரோவுக்கும் இடையிலான விகிதமோ ஒன்றுக்கு இரண்டு என்பதை ஒட்டியே நிற்கிறது. ஆகவே இறப்பு எல்லாக் குட்டிகளின் மீதும் ஒரே அளவில் விழவில்லை. ஹோமோசைகஸ் குட்டிகளைத் தேர்ந்தெடுத்து விழுந்திருக்கிறது.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். பிறந்த 128 குட்டிகளில் 32 ஹோமோ, 96 மற்றவை என்று கொண்டால், ஹோமோவில் 23 குட்டிகளும் மற்றவற்றில் 25 குட்டிகளும் இறந்திருக்கின்றன. ஏறத்தாழச் சரிபாதி. உங்கள் கூண்டறையில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே சிக்கலைப்போலத் தோற்றம் தருகின்றன: ஒன்று அந்த மரபணு இல்லாமையால் வருவது, மற்றது பராமரிப்பால் வருவது. முதலாவதற்குத் தாயை மாற்றிப் பயனில்லை. இரண்டாவதற்கு மரபணுவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இந்தக் கணக்கில் ஒரு தளர்ச்சி உண்டு. ஹோமோ கருக்கள் வயிற்றிலேயே அழிகின்றன என்றால் பிறந்த 128 குட்டிகளில் 32 ஹோமோ இருந்திருக்க மாட்டா. அதைச் சோதிக்க இரண்டு வழிகள். ஹெட்டிரோ பெண்களைச் சிலகாலம் இயல்வகை ஆணோடு சேர்த்துப் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையை ஒப்பிடலாம். அங்கே ஓர் ஈற்றில் சராசரி தெளிவாகக் கூடினால் கரு அழிவை ஐயப்படலாம். நேரான வழி, இணைசேர்ந்த மறுநாள் காலை யோனி அடைப்பை (இணைசேர்ந்ததற்கு அடையாளமான, உறைந்த விந்துக் கட்டியை) பார்த்து அந்த நண்பகலை 0.5ஆம் நாள் எனக் குறித்துக்கொண்டு, 18.5ஆம் நாளில் நான்கைந்து பெண்களின் கருக்களை எடுத்து வகை காண்பது. அங்கே ஒன்று, இரண்டு, ஒன்று என்ற விகிதம் சரியாக இருந்தால், இறப்பு பிறப்பின்போதோ பிறகோ நிகழ்கிறது என்று உறுதியாகிவிடும். கூடவே, இனிக் கிடைக்கும் ஒவ்வொரு இறந்த குட்டியின் வால் நுனியையும் எடுத்து வையுங்கள். பாதி தின்னப்பட்ட உடலிலிருந்தும் பிசிஆருக்குப் போதுமான திசு கிடைக்கும். இதுவரை அவற்றைக் குப்பைப் பையில் போட்டது, எழுதப்பட்ட விடைத்தாளைத் திருத்தாமலே எரித்ததற்குச் சமம்.

எத்தனை பெண்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இன்றைய நிலை மாறாவிட்டால் 22 ஈற்றுக்கு 9 ஹோமோ. 24 வேண்டுமானால் 59 ஈற்றுகள். யாரும் அதை அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. இழப்பே இல்லாவிட்டால் 96 குட்டிகள், ஏறத்தாழ 17 ஈற்றுகள் போதும் என்று தோன்றும். ஆனால் அதுவும் சராசரிக் கணக்குதான். எளிய எடுத்துக்காட்டு சொல்கிறேன்: 8 ஹோமோ வேண்டுமென்று 32 குட்டிகளை மட்டும் எடுத்தால், 8 கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். பத்தில் ஒன்பது தடவை கிடைக்க வேண்டுமானால் 45 குட்டிகள் தேவை. ஆணும் பெண்ணும் சரிபாதி என்ற நிபந்தனை இதை மேலும் உயர்த்தும். 24ஐயும் ஒரே வாரத்தில் பெற முயலாமல், மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 8 என்று ஆய்வை வடிவமைக்கச் சொல்லி உங்கள் வழிகாட்டியிடம் பேசிப் பாருங்கள். தொகுதி வேறுபாட்டைப் புள்ளியியலில் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். கூண்டறையின் இடத்தைப் புள்ளியியலால் கூட்ட முடியாது.

கூண்டறை இருபதாண்டு:

கணக்குச் சொன்னவர் பிரித்த இரண்டாவது பாதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த 25 குட்டிகள்தான் என் துறை.

தாய் குட்டியைத் தின்கிறது என்பதால் தாய்தான் கொன்றது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒளிப்பதிவுக் கருவி வைத்துக் கூண்டுகளைக் கவனித்த ஆய்வுகளில், தாய் தின்பது பெரும்பாலும் முன்பே இறந்துபோன குட்டியைத்தான் என்று தெளிவாகியிருக்கிறது. இறந்த உடலைக் கூட்டில் விட்டுவைக்காமல் அகற்றுவது அதன் இயல்பு. ஆகவே குட்டி எதனால் இறந்தது என்பதுதான் கேள்வி. பிறந்த அன்று கூட்டைக் கலைக்காமல் ஒரு பார்வை பாருங்கள். முடி முளைக்காத தோலின் வழியே, இடப்பக்கம் வயிற்றில் வெள்ளையாகப் பால் தெரியும். பால் தெரியாத குட்டி ஒன்றிரண்டுதான் என்றால் அவற்றால் சப்ப முடியவில்லை என்று கொள்ளலாம். நாக் அவுட் குட்டிகளில் மேலண்ணப் பிளவு போன்ற குறைகளால் இப்படி நேர்வது உண்டு. ஈற்று முழுவதிலும் பால் தெரியவில்லை என்றால் தாயைப் பாருங்கள்.

எனக்கு உங்கள் கேள்வியில் முதலில் உறுத்தியது ஆண்களை வாரந்தோறும் இடம் மாற்றுவது. இணைசேர்ந்து சில நாட்களே ஆன பெண் சுண்டெலியின் அருகில் அந்நிய ஆண் வந்தால், அதன் சிறுநீர் வாசனையே சினை தங்காமல் போகச் செய்துவிடும். ஹில்டா புரூஸ் 1959இல் வெளியிட்டது இது. இன்றும் புரூஸ் விளைவு என்றே சொல்கிறோம். கரு கருப்பையில் பதியும் முன்னரான நாட்களில்தான் இந்த ஆபத்து. உங்கள் வாராந்திர மாற்றத்தில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பெண் அந்த நாட்களில் இருந்திருக்கும். ஈற்றுகளின் எண்ணிக்கையே குறைந்திருப்பதற்கு இது காரணமாகலாம். அந்நிய ஆண் பிறந்த குட்டிகளைக் கொல்வதும் உண்டு. ஆண் சோம்பிவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஒரே இணையோடு மாதக்கணக்கில் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும்.

அடுத்தது ஒரு கூண்டில் இரண்டு பெண்கள் என்ற முறை. இதில் எனக்கும் எங்கள் மருத்துவருக்கும் நீண்ட நாள் கருத்து வேறுபாடு. அவரும் இங்கே எழுதுவார் என்று நினைக்கிறேன். ஒருத்தி ஈன்ற குட்டிகள் பத்துப் பன்னிரண்டு நாள் வளர்ந்து நிற்கும்போது மற்றொருத்தி ஈன்றால், புதுக் குட்டிகள் மிதிபடுகின்றன, பால் போட்டியில் தோற்கின்றன. வயது வேறுபட்ட ஈற்றுகள் ஒரே கூண்டில் சேர்வது பிளாக் 6 வகையில் குட்டி இறப்பைக் கூட்டுகிறது என்பது ஆய்வுகளிலும் கண்டது. நீங்கள் நோட்டுப் புத்தகத்தை மறுபடி எடுத்து, 22 ஈற்றுகளில் எத்தனை ஏற்கெனவே குட்டிகள் இருந்த கூண்டில் பிறந்தவை என்று பிரித்துப் பாருங்கள். என் ஐயம் அங்கேதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூடு கட்ட 8 முதல் 10 கிராம் வரை காகிதச் சுருளோ பஞ்சுத் துண்டோ கொடுங்கள். சுண்டெலிக்கு உடல்வெப்பம் காக்க அதிக உழைப்பு தேவையில்லாத வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியது. நாம் வைத்திருக்கும் அறையோ 20 முதல் 24 டிகிரி. அந்த இடைவெளியை அடைப்பது கூடுதான், முடியில்லாத குட்டிக்கு அது உயிர் விஷயம். ஈன்ற முதல் மூன்று நாட்களுக்குக் கூண்டு மாற்றாதீர்கள்; தவிர்க்கவே முடியாதென்றால் பழைய கூட்டை அப்படியே தூக்கிப் புதுக் கூண்டில் வையுங்கள். பிளாக் 6 பெண் தலையீற்றை இழப்பது அதிசயமில்லை. இரண்டாம் ஈற்றையும் பார்த்த பிறகே கழிப்பதைப் பற்றி யோசியுங்கள். இணைசேர்த்து 60 நாட்களாகியும் ஈனாத இணையையும், எட்டு மாத வயதைக் கடந்த பெண்ணையும் மாற்றிவிடலாம். மாற்றுவதற்கான இளைய இணைகளை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். எல்லா இணைகளும் ஒரே நேரத்தில் முதுமையடைந்து, ஆய்வு தொடங்கும் மாதத்தில் கூண்டறை மலடாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவம் படித்தவள்:

அந்த மருத்துவர் நான்தான். இரண்டு பெண்கள் முறையை நான் முழுவதும் கைவிடச் சொல்ல மாட்டேன். இரு பெண்களும் இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குள் ஈன்றால் கூட்டாகப் பாலூட்டி நன்றாகவே வளர்க்கின்றன. சிக்கல் ஈற்றுகள் முன்பின்னாகச் சேர்வதில்தான். சினை வெளிப்படையாகத் தெரிந்ததும் ஒரு பெண்ணைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிட்டால் அது தீரும். ஆணைப் பிரித்துவிடுவதால், ஈன்ற 24 மணி நேரத்துக்குள் வரும் பருவம் வீணாகும். அடுத்த ஈற்று மூன்று வாரம் தள்ளிப்போகும். பாலூட்டும்போதே அடுத்த சினையையும் சுமக்கும் தாயின் நிலையை நினைத்தால், அந்த ஓய்வு எனக்கு இழப்பாகத் தோன்றவில்லை. இருபதாண்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரே வயதுத் தொகுதி வேண்டுமென்றால் இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. பெண்களை மட்டும் கூட்டமாக வைத்தால் அவற்றின் நான்கைந்து நாள் பருவச்சுழற்சி தடுமாறி நிற்கும். ஆண் கூண்டின் அழுக்குப் படுக்கைத் தூளை ஒரு கைப்பிடி அள்ளி அவற்றின் கூண்டில் இட்டால், மூன்றாம் இரவில் பல பெண்கள் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். விட்டன் விளைவு என்பார்கள். அன்று இணைசேர்த்தால் ஈற்றுகள் ஓரிரு நாட்களுக்குள் அடங்கும்.

ஹோமோ குட்டிகளின் இறப்புக்குச் செவிலித்தாய் முறையை ஒரு சோதனையாகவே செய்து பார்க்கலாம். தாய்மைக்குப் பேர்போன சிடி-1 போன்ற வெள்ளை வகைப் பெண் ஒன்று, ஓரிரு நாள் முன்பின்னாக ஈன்றிருக்குமானால், அதன் குட்டிகளில் சிலவற்றை அகற்றிவிட்டு உங்கள் குட்டிகளை அதன் கூட்டுத் தூளில் புரட்டி வையுங்கள். நிறமே அடையாளம் என்பதால் குழப்பம் வராது. செவிலித்தாயிடம் ஹோமோ குட்டிகள் பிழைத்தால், அவை பலவீனமானவை, ஆனால் சாகப் பிறந்தவை அல்ல. அங்கும் இறந்தால் குறை குட்டியின் உடலில்.

அப்படியானால் ஒரு கடினமான உண்மையை உங்கள் குழு ஏற்க வேண்டியிருக்கும். பிழைத்த 9 ஹோமோக்கள், அந்த மரபணு இல்லாமையின் முழு விளைவைக் காட்டுபவை அல்ல. விளைவு மென்மையாக இருந்தவை மட்டும் தப்பியிருக்கலாம். தப்பியவற்றை அளந்து எழுதும் முடிவு அதனால் சாய்ந்துவிடும். கிரே-லாக்ஸ் முறையில் ஒரு திசுவில் மட்டும் மரபணுவை நீக்கும் வகைக்கு மாறுவதைப் பற்றி அப்போது பேசலாம். அதிலும் இணைசேர்ப்பைத் தேர்ந்தே செய்ய வேண்டும்: இரு பிரதியிலும் ஃப்ளாக்ஸ் (நீக்க வேண்டிய பகுதியைச் சுட்டும் குறிகள்) உள்ள பெண்ணை, ஒரு பிரதியில் ஃப்ளாக்ஸும் கூடவே கிரேயும் (அப்பகுதியை வெட்டி நீக்கும் நொதியின் மரபணு) உள்ள ஆணோடு சேர்த்தால் கால்பங்கு வேண்டியது கிடைக்கும், கிரே இல்லாத பாதியில் பொருத்தமான ஒப்பீட்டு விலங்குகளும் அதே ஈற்றில் இருக்கும்.

ஆய்வு இல்லாத மாதங்களில் ஹெட்டிரோவை ஹெட்டிரோவோடு சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. இயல்வகையோடு சேர்த்து வழியைக் காத்துவாருங்கள். துன்பப்பட்டுச் சாகும் ஹோமோ குட்டி ஒன்றுகூட அதில் பிறக்காது. ஆய்வு விலங்குகளுக்கான நெறிகளை வகுத்த ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே எண்ணிக்கையைக் குறைப்பதையும் துன்பத்தைக் குறைப்பதையும் ஆய்வாளரின் கடமையாக வைத்தார்கள். கூண்டறையில் அது தொடங்கும் இடம் இணைசேர்ப்புப் பட்டியல்தான்.

பின்னணி பார்ப்பவர்:

வெளியிலிருந்து இயல்வகை வாங்கும் யோசனைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வேண்டாம். பிளாக் 6 என்பது ஒரே எலி அல்ல. 1951இல் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்துக்குச் சென்ற கிளையிலிருந்து வந்தவற்றின் பெயர் ‘என்’ என முடியும். ஜாக்சனிலேயே தங்கியவற்றின் பெயர் ‘ஜே’ என முடியும். ஜே கிளையில் என்என்டி மரபணுவின் ஒரு பகுதி அழிந்திருக்கிறது. அது இன்சுலின் சுரப்பைத் தொடும். என் கிளையில் சிஆர்பி1 மரபணுவில் உள்ள ஆர்டி8 மாற்றம் விழித்திரையைக் கெடுக்கும். உங்கள் நாக் அவுட் ஒரு கிளையிலும் வாங்கிய எலி மற்றொரு கிளையிலும் இருந்தால், நீங்கள் அளப்பது உங்கள் மரபணுவின் விளைவையா, இந்த வேறுபாட்டையா என்று பிரிக்க முடியாது. கிளை ஒன்றாகவே இருந்தாலும், வேறோர் இடத்தில் வேறு தீவனத்தில் வளர்ந்து பயணம் செய்து வந்த எலியை, உங்கள் கூண்டறையில் பிறந்த எலிக்கு ஒப்பாக வைக்க இயலாது. ஒரே ஈற்றில் பிறந்த இயல்வகை உடன்பிறப்புதான் சரியான ஒப்பீடு. உங்களிடம் அது ஏற்கெனவே 27 இருந்திருக்கிறது.

வெளியிலிருந்து வாங்க வேண்டியது ஒப்பீட்டுக்கு அல்ல, இணைசேர்க்க. மூடிய சிறு கூட்டம் தலைமுறை செல்லச் செல்ல மூல வகையிலிருந்து தானே விலகும். ஐந்திலிருந்து பத்துத் தலைமுறைக்கு ஒருமுறை, அதே கிளையின் எலியோடு மீண்டும் சேர்த்துப் பின்னணியைப் புதுப்பியுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஜே என்றோ என் என்றோ எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் இன்றே பிசிஆர் செய்யுங்கள். இரண்டு மூன்று ஹெட்டிரோ ஆண்களின் விந்தை உறையவைத்துவிடுவதும் நல்லது. ஒரு தொற்று வந்தால் அறையை முழுவதும் காலிசெய்ய நேரும்.

புதுப்பொறுப்பு:

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாட்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். 22 ஈற்றுகளில் 8 ஈற்றுகள், வளர்ந்த குட்டிகள் ஏற்கெனவே இருந்த கூண்டில் பிறந்தவை. அந்த எட்டில் பிறந்தவை 47, பிழைத்தவை 19. ஹோமோ ஒன்றே ஒன்று. மற்ற 14 ஈற்றுகளில் பிறந்தவை 81, பிழைத்தவை 61, ஹோமோ 8. கிளையின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. என்என்டிக்கான பிசிஆரை வரும் வாரம் செய்கிறேன். ஆண்களின் இடமாற்றத்தை நிறுத்திவிட்டேன்.

விகிதக்கணக்கு:

இருபதாண்டுக்காரரின் ஐயம் மெய்யாகியிருக்கிறது, ஆனால் முழுவதும் அல்ல. குட்டிகள் முன்பின்னாகச் சேராத 14 ஈற்றுகளில் ஹோமோ அல்லாதவை ஏறத்தாழ 61 பிறந்திருக்கும், 53 பிழைத்திருக்கின்றன. குறை சொல்ல இடமில்லை. அதே ஈற்றுகளில் ஹோமோ 20 பிறந்திருக்க வேண்டும், பிழைத்தவை 8தான். ஈற்றுகளைப் பிரித்து வைத்தால் உங்கள் பொது இழப்பு ஏறத்தாழ நீங்கும்; ஹோமோ இழப்பில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். ஆகவே 24க்கான இணைசேர்ப்பை இப்போது தொடங்காதீர்கள். 18.5ஆம் நாள் கருக்களை முதலில் பாருங்கள். செவிலித்தாய்ச் சோதனை அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும்.

கரு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நஞ்சுக்கொடித் திசுவில் தாயின் திசுவும் கலந்திருக்கும். அதைக் கொண்டு பிசிஆர் செய்தால் ஹெட்டிரோ தாயின் இயல்வகைப் பிரதி ஹோமோ கருவிலும் தெரிந்து, அதை ஹெட்டிரோ என்று காட்டிவிடும். கருவின் வால் நுனியை எடுத்து, உப்புக்கரைசலில் இரண்டு முறை அலசி, ஒவ்வொரு கருவுக்கும் கத்தரிக்கோலைத் துடைத்துவிட்டு வெட்டுங்கள்.